ஃபிஞ்சிலிருந்து பேர்னாட் வரை

கனடாவில் இருந்து வந்தவன் என்று தெரிந்ததும் நெல்லியடிச் சந்தையில் மீன் வெட்டுகிறவர்கூட, "ஸ்காபரோவிலை எவடம் அண்ணை?" என்றுதான் கேட்கிறார். ஸ்காபரோ இல்லை, றிச்மண்ட் ஹில் என்றால், "ஓ, பிள்ளையார் கோயிலடி" என்பார். அதோடு கதை முடிந்துவிடும். ஊரில் இருப்பவர்களைக் குறை சொல்லக்கூடாது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கிற எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கும் றிச்மண்ட் ஹில் என்றால் பேவியூ வீதிக் கோயிலும் அதன் கார்த் தரிப்பிடமும்தான். கும்பிடுவார்கள், மோதகம் வாங்குவார்கள், வந்த வழியே போய்விடுவார்கள்.

நான் அந்த ஊரில் பஸ் ஓட்டியவன். கோயிலுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனேன், யங் வீதியில் ஒவ்வொரு நாளும் பல தரம் ஏறி இறங்கினேன். இப்போது வடமராட்சியில் வேலியும் கிணறும் பார்த்துக்கொண்டு இருக்கிற எனக்கு, ரொறன்ரோ என்றதும் சீஎன் கோபுரம் நினைவில் வருவதில்லை. ஃபிஞ்ச் நிலையத்தில் கதவு மூடுகிற சத்தமும், வடக்கே போகப் போக வீதி மெல்ல மேலெழும்புவதும்தான் வருகிறது.

எண்பதுகளின் கடைசியில் அங்கே போனதும், உணவகத்தில் கோப்பை கழுவியதும், பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை செய்ததும், பிறகு ராக்ஸி ஓடியதும் எல்லாரும் எழுதி முடித்த கதை. அதை விடுவோம். பஸ்ஸுக்கு வருவோம்.

யோர்க் பிராந்தியத்தில் 2001 வரை ஊருக்கு ஊர் தனித்தனி பஸ் சேவை. றிச்மண்ட் ஹில்லுக்கு ஒன்று, மார்க்கத்துக்கு ஒன்று, வோனுக்கு ஒன்று, நியூமார்க்கெற்றுக்கு ஒன்று. அந்த வருஷம் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். 2005 செப்ரெம்பரில் வீவா என்ற பெயரில் நீல நிற பஸ்களை விட்டார்கள். நிறுத்தங்கள் தூரம் தூரமாக இருக்கும். ரிக்கற்றை நிறுத்தத்தில் இருக்கிற இயந்திரத்தில் பயணியே எடுத்துக்கொள்ளவேண்டும், றைவர் காசைத் தொடுவதில்லை. கொண்டக்டர் என்ற ஆள் கிடையாது. இடையிடையே சீருடைக்காரர்கள் ஏறிச் சோதிப்பார்கள். வீவா நீலத் தடம் ஃபிஞ்சிலிருந்து நியூமார்க்கெற் வரை, முப்பது கிலோமீற்றருக்கு மேலே. அதில் பாதித் தூரத்தில், எல்ஜின் மில்ஸ் சந்தியைத் தாண்டியதும் வருகிற பேர்னாட் தரிப்பிடத்தோடு திரும்பிய பஸ்களும் இருந்தன. என்னுடைய வேலை பெரும்பாலும் அந்தக் குட்டைத் தடத்தில். நீளத் தடத்தை சீனியர்கள் எடுத்துவிடுவார்கள். அங்கே சில மாதங்களுக்கு ஒருமுறை 'சைன்-அப்' நடக்கும். வேலையில் சேர்ந்த திகதிப்படி வரிசையாக வந்து ஓட்டங்களைத் தெரிவு செய்யவேண்டும். கடைசியில் நிற்கிறவனுக்கு உடைந்த ஷிப்ட்தான் மிஞ்சும்: விடிய நாலு மணித்தியாலம், பின்னேரம் நாலு மணித்தியாலம், நடுவில் போக இடமில்லாத வெறும் நேரம். அந்த வெறும் நேரத்தில்தான் நான் றிச்மண்ட் ஹில்லைப் பார்த்தேன். மில் பொண்ட் குளக்கரையில் இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் வாத்துகள் வந்துவிடும்.

ஒன்ராறியோவில் பஸ் ஓட்ட 'சி' வகுப்பு லைசென்ஸ் வேண்டும். காற்று பிரேக் வண்டி என்றால் அதோடு 'இஸட்'டும் சேரவேண்டும். பரீட்சையில் சனம் தோற்பது ஓட்டத்தில் இல்லை, பிரேக்கில். எனக்கோ அந்தப் பாடம்தான் இந்தத் தொழிலிலேயே ருசியான பகுதி. விடிய இருட்டோடு கராஜுக்குப் போய், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி லைற், ரயர், கண்ணாடி, கதவு, சக்கர நாற்காலிச் சரிவுப் பலகை எல்லாம் பார்த்த பிறகு, இருக்கையில் ஏறிக் காற்றைச் சோதிப்பது. எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை மிதித்து மிதித்து விடவேண்டும். காற்று அழுத்த மானியின் முள் 120 இலிருந்து படிப்படியாக இறங்கும். 60க்குக் கிட்ட வர எச்சரிக்கை மணி காதைக் கிழிக்கும், சிவப்பு விளக்கு எரியும். அதற்கும் மேலே மிதித்தால், ஒரு கட்டத்தில் நிறுத்தி வைக்கிற பிரேக்கின் மஞ்சள் குமிழ் யாரும் தொடாமல் 'டப்' என்று தானாக வெளியே துள்ளும். பின்சக்கரங்களைப் பிடிக்கிற இரும்புச் சுருள் அப்போது பூட்டிக்கொள்ளும். நிறுத்தி வைக்கிற பிரேக்கை விடுவித்து வைத்திருப்பதே காற்றுதான். காற்றுப் போனால் வண்டி தானாக நிற்கும், ஓடாது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை யாரோ ஒருவர் இப்படி யோசித்துச் செய்திருக்கிறார் என்பது எனக்கு ஒவ்வொரு விடியலிலும் ஆறுதலாக இருந்தது. ஊரில் பிரேக்கை நம்பாமல் ஹோர்ணை நம்பி ஓடிய றைவர்களோடு வளர்ந்தவன் நான்.

ஃபிஞ்ச் ரொறன்ரோவின் யங் சுரங்க ரயில் முடிகிற இடம். 1974 இல் திறந்த நிலையம். அங்கிருந்து வடக்கே போகிற சனம் எல்லாம் பஸ்ஸில்தான் ஏறவேண்டும். முதல் 2 கிலோமீற்றர் ரொறன்ரோ நகரத்துக்குச் சொந்தம். ஸ்டீல்ஸ் சந்தியைத் தாண்டினால் யோர்க். இந்தக் கோட்டால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நாங்கள் ஓடியபோது, ரொறன்ரோ எல்லைக்குள் வடக்கே போகும்போது ஏற்றலாம், இறக்கக்கூடாது. தெற்கே வரும்போது இறக்கலாம், ஏற்றக்கூடாது. மழையில் நனைந்து நிற்கிற கிழவிக்கு இந்தச் சட்டத்தை விளங்கப்படுத்திப் பாருங்கள். அதைவிடக் கொடுமை இரட்டைக் கட்டணம். சுரங்க ரயிலுக்கு ஒரு காசு, எங்களுக்கு இன்னொரு காசு. துப்புரவு வேலை செய்கிற பெண்கள் பனிக்குளிரில் ஸ்டீல்ஸ் வரை நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது கட்டணத்தை 2024 பெப்ரவரியில்தான் எடுத்தார்கள். நான் ஊருக்கு வந்து கனகாலம்.

ஸ்டீல்ஸிலிருந்து மேலே வீதி அளந்து வைத்தது மாதிரி இருக்கும். 7 ஆம் நெடுஞ்சாலை, 16 ஆம் அவெனியூ, மேஜர் மெக்கென்சி, எல்ஜின் மில்ஸ் என்று 7 ஆம் நெடுஞ்சாலைக்கு மேலே ஒவ்வொரு பெரிய சந்திக்கும் நடுவில் 2 கிலோமீற்றர். வெள்ளைக்காரர் காணி பிரித்தபோது போட்ட கட்டம். மணிக்கூடு பார்க்காமலே பிந்திவிட்டேனா இல்லையா என்று சந்திகளை வைத்துச் சொல்லிவிடலாம்.

16 ஆம் அவெனியூவைக் கடந்ததும் ஏற்றம். ஊரின் பெயரில் இருக்கிற ஹில் பொய்யில்லை. பழைய கிராமம் மேட்டின் மேலேதான் இருக்கிறது. கோடையில் இந்த ஏற்றம் தெரியவே தெரியாது. பனிக்காலத்தில், அதுவும் 60 அடி நீளமான, நடுவில் மடிகிற பஸ்ஸோடு போனால் தெரியும். அந்த வண்டியின் எஞ்சின் பின்னால். தள்ளுவதும் பின் அச்சுத்தான். வீதி வழுக்கினால் பின்பாதி முன்பாதியை நேரே தள்ளாது, ஒரு பக்கமாகத் தள்ளப் பார்க்கும். அப்போது பிரேக்கையும் தொடக்கூடாது, காலைத் திடீரென்று எடுக்கவும் கூடாது. கால் பெருவிரலால் அழுத்தத்தை மெல்லக் குறைத்து, வண்டி தானாக நிமிரும்வரை பொறுத்திருக்கவேண்டும். பின்னால் இருக்கிற பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது, போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருந்தால்தான் றைவர் வேலை தெரிந்தவன்.

2013 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாட்களுக்கு முன், உறைமழை பெய்தது. விழுகிற தண்ணீர் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிவிடும். மரக்கொப்புகள் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளில் விழ, ரொறன்ரோவும் சுற்றுப்புறமும் இருண்டன. இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. சந்திகளில் சமிக்ஞை விளக்குகள் செத்துப்போயின. விளக்கு இல்லாத சந்தியில் எல்லாரும் நின்று, வந்த ஒழுங்கில் ஒவ்வொருவராகப் போகவேண்டும் என்பது அங்கே சட்டம். ஆறு லேன் அகலமான யங் வீதியில், பொலிஸ்காரர் இல்லாத சந்திகளில்கூட, சனம் அந்தச் சட்டப்படியே நின்று நின்று போனது. நான் யாழ்ப்பாணத்துக்காரன், கண்ணால் கண்டிராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன்.

அந்தத் தடத்துப் பயணிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். றிச்மண்ட் ஹில்லில் இரண்டு இலட்சம் சனம். சீனர்கள் கூட, ஈரானியர்கள் கூட, ரஷ்ய மொழி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். தோர்ன்ஹில் பக்கம் யங் வீதிக் கடைகளில் பாரசீக எழுத்து மின்னும். மார்ச் மாதம் அவர்களுடைய புத்தாண்டு வந்தால் பஸ் முழுக்க ஹையசிந்த் பூவும் முளைகட்டிய தானியத் தட்டுமாகத்தான் ஏறுவார்கள். வெல்ட்றிக்கில் ஏறுகிற ஓர் ஈரானியக் கிழவர், ஒவ்வொரு காலையும் தொப்பியைத் தூக்கி "சலாம்" சொல்லுவார். இறங்கும்போது "மேர்சி". தெஹ்ரானில் பொறியியலாளராக இருந்தவராம். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடத்தான் போகிறார். என் அடையாள அட்டையில் இருக்கிற நீளப் பெயரை ஒருநாள் பொறுமையாக எழுத்துக்கூட்டி வாசித்து முடித்துவிட்டு, பாரசீகக் கவிதை மாதிரி இருக்கிறது என்றார். எங்கள் பெயரை வெட்டிச் சுருக்கி 'சிவா' ஆக்காத முதல் ஆள் அவர்தான்.

இறங்குகிற சனம் றைவருக்கு நன்றி சொல்வது அங்கே வழக்கம். முன்கதவு என்றால் சரி. 60 அடி வண்டியின் கடைசிக் கதவால் இறங்குகிற பள்ளிக்கூடப் பொடியனும் அங்கே நின்றே கத்திச் சொல்லிவிட்டுத்தான் குதிப்பான். இதை உபசாரம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நாள் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு அது உபசாரம் இல்லை.

தமிழ்ச் சனம் அந்தத் தடத்தில் குறைவு. ஏறினால் மோப்பம் பிடித்துவிடுவார்கள். "தம்பி தமிழோ?" என்று தொடங்கி ஊர், பள்ளிக்கூடம், யாருடைய மகன் என்று மூன்று நிறுத்தத்துக்குள் முடித்துவிடுவார்கள். ஓடும்போது றைவரோடு கதைக்கக்கூடாது என்று மேலே எழுதியிருப்பதைக் காட்டினால், "அது வெள்ளைக்காரனுக்கு" என்று ஓர் அம்மா சொன்னார். ஹார்ட்லிக் கல்லூரியில் எனக்குக் கணக்குப் படிப்பித்த ஆசிரியர் ஒருவர், மகளோடு வந்து இருந்தவர், ஒருநாள் ஏறினார். நான் எழும்பப் பார்த்தேன். "இரு, இரு. வண்டியைப் பார்" என்றார். பேர்னாட் வரும்வரை ஒரு சொல் கதைக்கவில்லை. இறங்கும்போது, "நல்லா ஓடுறாய்" என்றார். கணக்கில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

இனிப்பாகவே எழுதிக்கொண்டு போனால் நம்பமாட்டீர்கள். பஸ்கள் பிராந்தியத்துக்குச் சொந்தம், ஓட்டுவது ஒப்பந்தக் கம்பனிகள். ஸ்டீல்ஸுக்கு அந்தப் பக்கம் அதே வேலை செய்கிறவனுக்கு மணித்தியாலக் கூலி எங்களைவிட நல்லாய்க் கூட. 2011 ஒக்டோபர் 24 ஆம் திகதி வேலைநிறுத்தம் தொடங்கியது. வீவாவும் வேறு பல தடங்களும் நின்றன. 2012 பெப்ரவரி தொடக்கம்வரை இழுபட்டது. மூன்று மாதத்துக்கு மேல், அதுவும் பனிக்காலத்தில். தகரப் பீப்பாயில் விறகு எரித்துக்கொண்டு கராஜ் வாசலில் பதாகையோடு நின்றோம். அந்த மூன்று மாதத்தில் வீட்டுக் கடன் கட்டியது மனைவியின் உழைப்பில். எனக்குக் கூலியைவிடப் பெரிய கவலை பயணிகள்தான். கார் இல்லாதவன்தானே பஸ்ஸில் வருகிறான். மேஜர் மெக்கென்சி மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டுகிற பிலிப்பீன்ஸ் பெண் ஒருத்தி, நாங்கள் நிற்கிற இடத்தைக் கடந்து நடந்து போகும்போது எங்களைப் பார்த்துத் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. திட்டியிருக்கலாம். வேலை தொடங்கிய முதல் கிழமை அவள் பஸ்ஸில் ஏறி, "வந்திட்டியா" என்கிற மாதிரித் தலையை ஆட்டினாள்.

அதே பெண்ணை 2020 இலும் ஏற்றினேன். அந்த மார்ச்சில் எல்லாம் அடைத்தபோது பஸ் அடைக்கப்படவில்லை. சனத்தைப் பின்கதவால் மட்டும் ஏற்றினோம். எனக்குப் பின்னால் இருக்கிற இருக்கைகளைச் சங்கிலி போட்டு மறித்திருந்தார்கள். யங் வீதியில் என் பஸ்ஸும் ஒன்றிரண்டு லொறிகளும்தான். மருத்துவமனைக்காரர், மளிகைக் கடைக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள், ஒரு பஸ்ஸில் ஐந்தாறு பேர். யாரும் கதைப்பதில்லை. நன்றி சொல்வதை மட்டும் அப்போதும் விடவில்லை, முகக்கவசத்துக்குள்ளால் சொன்னார்கள்.

அந்த டிசம்பரில்தான் றிச்மண்ட் ஹில் பகுதியில் வீதியின் நடுவே பஸ்ஸுக்கென்று தனி லேன் திறந்தார்கள். வருஷக்கணக்காக வீதியைக் கிண்டி, கடைக்காரரின் சாபத்தை எல்லாம் வாங்கி முடித்த வேலை. பழைய கிராமத்துக்குள் மட்டும் இடம் இல்லை. இரண்டு பக்கமும் நூறு வருஷத்துக் கட்டடங்கள், தேவாலயக் கோபுரங்கள். ஆகவே அந்தத் துண்டில் பஸ் மறுபடியும் கார்களோடு கலந்துதான் போகவேண்டும். விரைவு லேன்காரர்களுக்கு அது குறை. எனக்கு அந்தத் துண்டுதான் முழுத் தடத்திலும் பிடித்தது. மெதுவாகப் போக அங்கே காரணம் இருந்தது.

அங்கே ஏறுகிற கிழட்டு வெள்ளைக்காரர் ஒருவர், இந்த வீதியால் முந்தி மின்சார ரயில் ஓடியது தெரியுமா என்று கேட்டார். நான் நம்பவில்லை. பிறகு நூலகத்தில் பார்த்தேன், உண்மைதான். 1890களின் கடைசியில் ரொறன்ரோவிலிருந்து யங் வீதி நெடுக தண்டவாளம் போட்டு றிச்மண்ட் ஹில் வரை கொண்டுவந்தார்கள், பிறகு சிம்கோ ஏரி வரை நீட்டினார்கள். 1948 ஒக்டோபரில் அதை நிறுத்திவிட்டு பஸ்ஸை விட்டார்கள். இவர் சின்னப் பிள்ளையாக அதில் போனவராம். இப்போது 8 கிலோமீற்றருக்குச் சுரங்க ரயிலை ஃபிஞ்சிலிருந்து மேலே கொண்டுவரப் போகிறார்கள். தண்டவாளத்தைத் தூக்கியவர்களே பெரும் காசு கொட்டி மறுபடியும் தண்டவாளம் போடுகிறார்கள். எங்கள் காங்கேசன்துறைப் பாதையைக் கழற்றியது யுத்தம். அவர்களுக்கு அந்தச் சாட்டும் இல்லை.

இடைக்கிடை பேவியூ ஓட்டம் வரும். இலையுதிர்ந்த பிறகு அந்த வழியில் மேற்கே மரங்களுக்கு மேலாக வெள்ளைக் குவிமாடம் தெரியும். டேவிட் டன்லப் வானாய்வுக் கூடம். 1935 இல் திறந்தபோது உள்ளே இருந்த 74 அங்குலத் தொலைநோக்கி உலகத்திலேயே இரண்டாவது பெரியது. சிக்னஸ் எக்ஸ்-1 என்பது கருந்துளைதான் என்று எழுபதுகளின் தொடக்கத்தில் தொம் போல்ற்றன் என்ற வானியலாளர் கண்டது அங்கே இருந்து பார்த்துத்தான். பிள்ளையார் கோயிலுக்கும் அதற்கும் பஸ்ஸில் சில நிமிஷம். கோயிலுக்கு வந்த எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன், போய்ப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த பிறகு யாழ்ப்பாணம் போக 750 ஆம் இலக்க பஸ்ஸில்தான் ஏறுகிறேன். கார் வாங்கச் சொல்லி பிள்ளைகள் நெருக்குகிறார்கள், எனக்கு விருப்பமில்லை. றைவருக்குப் பின்னால் இருந்து அவன் காலைப் பார்த்துக்கொண்டு போவேன். வல்லைவெளியில் பக்கக்காற்று அடிக்கும்போது ஸ்டியரிங்கை எப்படிப் பிடிக்கிறான் என்று பார்ப்பேன். சில பொடியன்கள் அருமையாக ஓடுகிறார்கள். அந்த வீதியில், அந்த வண்டியோடு, பின்னால் இன்னொரு பஸ் போட்டிக்கு வர, என்னால் ஓட முடியாது. இறங்கும்போது "நன்றி தம்பி" என்றால் கொண்டக்டர் மிச்சக்காசு தரவில்லை என்று நினைத்துப் பையைத் துழாவுகிறார்.

வெளிநாட்டு வாழ்க்கை இயந்திர வாழ்க்கை என்று திரும்பி வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லுகிறார்கள். கடனும் குளிரும் எனக்கும் இருந்தன. ஆனால் அந்த இயந்திரத்தின் சாவி காலையில் என் கையில் இருந்தது. ஊர், சாதி, யாருடைய மகன் என்ற ஒரு கேள்வியும் கேட்காமல், நேரத்துக்கு வருவான் என்பதை மட்டும் நம்பி, சனம் எனக்காக வீதியோரம் நின்றது. இங்கே என்னை மதிக்கிறார்கள், கனடாக்காரர் என்பதற்காக. அங்கே மதித்தது பஸ் பிந்தாததற்காக. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. இதைச் சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

ரொறன்ரோவில் இருக்கிறவர்களுக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். ஒருநாள் காரை விட்டுவிட்டு ஃபிஞ்சில் நீல வீவாவில் ஏறுங்கள். வடக்கே போகும்போது இடது பக்க ஜன்னலோரம் இருந்தால் பழைய கிராமத்தின் தேவாலயங்கள் நன்றாகத் தெரியும். மேஜர் மெக்கென்சியில் இறங்கி மில் பொண்டுக்கு நடந்து போகலாம். சுரங்க ரயில் வந்த பிறகு தெற்குப் பாதி நிலத்துக்குக் கீழே போய்விடும், ஆகவே அதற்கு முதல் போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் குறைவு. நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.